மொரிஷியஸ் டிசம்பரில் பனிமனிதன் எதற்கு?

இந்த விடுமுறையில் இதே குழப்பத்தோடு வந்த நான்காவது பிள்ளை இது. ஒன்பது வயது, மூன்று வருடமாக என்னிடம் வயலின் படிக்கிறாள். இசை வழியாக அறிவியல் என்று எங்கோ ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, தான் வரைந்த படத்தைக் காட்டினாள். ஒரு வட்டம், நான்கு கட்டம், இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’. டிசம்பர் கட்டத்தில் பனிமனிதன்! நாங்கள் உட்கார்ந்திருந்ததோ ரோஸ் ஹில்லில், மின்விசிறிக்கு நேர் கீழே. வெளியே ஃபிளாம்பாயான் மரம் சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது.

"குளிர்காலம் ஏம்மா வருது?" என்று கேட்டேன்.

"அப்ப பூமி சூரியனை விட்டுத் தூரமாப் போயிடும், மிஸ்."

படத்தை அழித்து வரைந்துவிடலாம். இந்தப் பதிலை அழிக்கத்தான் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றுகிறது.

இசை வேண்டாம் என்று நான் சொல்வேனா? அதை வைத்துத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்த நான்கு கான்செர்ட்டோக்களும் (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பவை) பிள்ளைகளுக்கென்றே செய்தது போல இருக்கும். ஒவ்வொன்றோடும் ஒரு கவிதை உண்டு. வசந்தத்தின் இரண்டாம் பகுதியில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா நாயாக விடாமல் குரைக்கும். குளிர்காலத்தின் நடுப்பகுதியில் வயலின்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் சுண்டும். வெளியே மழை, உள்ளே கணப்பு. கோடையின் கடைசிப் பகுதியைப் போட்டால் எங்கள் பிள்ளைகள் தாங்களாகவே "சிக்லோன்!" (புயல்) என்று கத்துவார்கள். எல்லாம் சரி. ஆனால் அது இத்தாலியின் வருடம். நமக்குக் கோடை நவம்பரில் தொடங்கும், ஜூலையில் குளிரும். பாட்டைப் போடுமுன் அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதுமே!

அப்புறம் அந்தத் தூரக் கதை. இதில் நமக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தள்ளிப் போவது ஜூலைத் தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி. ஐரோப்பியப் பிள்ளையிடம் இதைச் சொன்னால், "அப்படியென்றால் ஜனவரியில் ஏன் குளிர்கிறது?" என்று கேட்டுவிடும். நம் பிள்ளைக்கோ ஜனவரியில் வெயில் கொளுத்துகிறது. தவறான பதில் அச்சு அசலாகப் பொருந்திவிடுகிறது, யாரும் சந்தேகப்படுவதில்லை. பெரியவர்களே தலையாட்டுகிறார்கள். ஓர் ஆசிரியரும் என்னிடம் ஆட்டினார்.

நான் கேட்பது ஒரே கேள்விதான். பாரீஸில் இருக்கிற உங்கள் பெரியப்பா அதே ஜனவரியில் கோட்டு போட்டுக்கொண்டு ஃபோனில் பேசுகிறாரே, அவர் என்ன வேறு பூமியிலா இருக்கிறார்? அதே பூமி, அதே தூரம். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. டிசம்பரில் நாம் இருக்கும் தென் பாதி சூரியன் பக்கம் சாய்கிறது, அவர் இருக்கும் வட பாதி விலகிச் சாய்கிறது. வெயில் நம்மேல் செங்குத்தாக விழுகிறது, பகலும் நீள்கிறது. நம் தலைநகர் போர் லூயியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய இரண்டரை மணி நேர வித்தியாசம்.

தமிழ்ப் பாடல் சொல்லித்தருகிறவர்களும் தப்பவில்லை. மார்கழிப் பனி என்று பாட வைக்கிறோம். பிள்ளைகள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பாடுகிறார்கள். பெரும்பொழுது ஆறும் தமிழ்நாட்டுக்குக் கணித்தவை என்று சொல்லிக் கொடுங்கள். ஆடிக் காற்று மட்டும் இங்கேயும் அம்மியைத் தூக்கும். ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று அப்படி.

வீட்டில் செய்து காட்ட விரும்பினால் ஒரு பந்தில் பின்னல் ஊசியைக் குத்துங்கள். அறை நடுவில் விளக்கு. ஊசியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு விளக்கைச் சுற்றி வாருங்கள். ஊசி நுனி எப்போதும் ஒரே சுவரைப் பார்க்க வேண்டும். எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான்: தாங்கள் திரும்பும்போது ஊசியையும் திருப்பிவிடுகிறார்கள், பருவமே மாறாது. விவால்டியை ஓடவிட்டு, எந்த இடத்தில் எந்தப் பகுதி என்று பிள்ளையையே நிறுத்திச் சொல்ல வையுங்கள். பந்தின் மேல்பாதிக்கு ஒரு பதில், கீழ்பாதிக்கு ஒரு பதில் வர வேண்டும். முடிந்தால் அர்ஜென்டினாவின் இசையமைப்பாளர் பியாசோல்லா 1965 முதல் 1970 வரை எழுதிய ‘புவெனஸ் ஐரிஸின் நான்கு பருவங்கள்’ என்பதையும் போடுங்கள். அது பூமியின் நம் பாதியில் வரும் கோடை.

வாத்தியத்தையும் காட்டுங்கள். ஈரப்பதம் ஏறினால் மிருதங்கத்தின் தோல் தளரும், வயலினின் பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) இறுகித் திரும்ப மறுக்கும். ஜூலையில் அதே பிரடை வழுக்கும்.

கெஞ்சிக் கேட்கிறேன், ஜனவரியில் வயலினைக் காருக்குள் பூட்டிவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். பசை இளகி மேல்பலகை வாய் பிளந்த வயலின் போன வாரம் மட்டும் இரண்டு வந்தது.