புதுச் சுவை ஒட்டியிருக்கும் அந்த ஆறேழு கிராம்

'குறுகிய காலத்துக்கு மட்டும்' என்று அச்சிட்ட சிப்ஸ் பாக்கெட் கண்ணில் பட்டால் என் கை தானாக அதை எடுத்துவிடும். பிரித்ததும் வாயில் போடமாட்டேன். ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். எண்ணெய் மினுமினுப்புக்கு நடுவே செம்பழுப்பாகப் பொடி திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். வறுபடும்போது எழும்பிய கொப்புளங்களின் ஓரத்தில் கொஞ்சம் தடிப்பாக, சமதளத்தில் மெலிசாக. அங்கங்கே கண்ணாடித் துகள் போல உப்பு, பச்சையாக ஓர் இலைத் துணுக்கு. விரலால் அழுத்தித் துடைத்துவிட்டால் மிஞ்சுவது போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் தின்ற அதே உருளைக்கிழங்கு வறுவல்தான். 'புதுசு' என்று பாக்கெட் சொன்னது அத்தனையும் என் விரல் நுனிக்கு வந்துவிட்டது.

100 கிராம் சிப்ஸில் இந்தப் பொடி பெரும்பாலும் 6 முதல் 8 கிராம் வரைதான் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், மீதி கிழங்கு. அதனால்தான் தொழிற்சாலைக்குப் புதுச் சுவை என்பது புது இயந்திரம் அல்ல. கிழங்கு அதே, சீவும் கத்தி அதே, எண்ணெய்த் தொட்டி அதே. கடைசியில் இருக்கும், பொடி தூவும் டிரம்மைக் கழுவி, வேறு பொடியைக் கொட்டினால் போதும். மாறுவது அந்த மெல்லிய படலம் மட்டுமே. ஆனால் அதற்குள் அடைத்திருக்கும் வேதியியலைப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

சிப்ஸுக்கு இப்படிச் சுவை ஏற்றும் வழக்கம் நாம் நினைப்பதைவிட இளையது. முதலில் வெறும் வறுவலாகவும், மிஞ்சிப் போனால் உப்போடும்தான் விற்றார்கள். இங்கிலாந்தில் 1920களில் ஒரு துளி உப்பை நீலக் காகிதத்தில் முறுக்கி பாக்கெட்டுக்குள் போட்டுக் கொடுத்தார்கள். தின்பவரே தூவிக்கொள்ள வேண்டும். 1954-ல் அயர்லாந்தின் டப்ளினில் ஜோ மர்ஃபி தொடங்கிய டேட்டோ நிறுவனம் சீஸும் வெங்காயமும் கலந்த பொடியைத் தூவி விற்க ஆரம்பித்தது. இன்று பார்க்கும் நூற்றுக்கணக்கான சுவைகளும் அந்த யோசனையின் பிள்ளைகள்.

சரி, பொடி எப்படி ஒட்டுகிறது? ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீவிய கிழங்கு, 170-180 டிகிரி எண்ணெயில் ஏறக்குறைய மூன்று நிமிடம் கிடக்கிறது. உள்ளே போகும்போது அதில் 80 சதவீதம் நீர். வெளியே வரும்போது 2 சதவீதம். அத்தனை நீரும் ஆவியாகச் சீறி வெளியேறிய வழியெல்லாம் நுண்ணிய துளைகளாக நிற்கும். வில்லையைத் தூக்கியதும் துளைகளில் மிச்சமிருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, மேலே பூசியிருக்கும் எண்ணெயைத் துளைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. சிப்ஸில் இருக்கும் எண்ணெயில் பெரும்பகுதி வறுபடும்போது ஏறியது அல்ல, வெளியே வந்த பிறகு இப்படி உள்ளே போனதுதான்.

பொடி விழ வேண்டிய நேரம் இதில்தான் அடங்கியிருக்கிறது. எண்ணெய் வழிந்துகொண்டிருக்கும்போது தூவினால் கட்டி கட்டியாக ஊறிப் போகும். முழுக்க ஆறி, எண்ணெய் உள்ளே போனபின் தூவினால் ஒட்டாமல் உதிரும். நடுவில், மேற்பரப்பு இளஞ்சூட்டோடு பிசுபிசுப்பாக இருக்கும் சிறிது நேரத்தில், சாய்வாகச் சுழலும் டிரம்முக்குள் சிப்ஸ் புரண்டு புரண்டு வர, மேலிருந்து பொடி திரைபோல விழுகிறது. துகள் பெரிதாக இருந்தால் மோதித் தெறித்துவிடும். மாவு மாதிரி நைசாக இருந்தால் நன்றாக ஒட்டும், ஆனால் காற்றில் பறந்து கூடத்தையே தும்ம வைக்கும். பாக்கெட்டின் அடியில் கிடக்கும் கடைசித் தூள் எப்போதும் தூக்கலாக இருக்கிறதே, அது ஒட்டாமல் போன பெரிய துகள்களின் குவியல்.

வாய்க்குள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு வில்லை நாக்கில் பட்டு, உடைந்து, விழுங்கப்படுவதற்குச் சில நொடிகளே ஆகின்றன. அதற்குள் எச்சிலில் கரையாத எதையும் நாக்கு அறியாது. உப்புப் பரலில் பாதி கரைவதற்குள் மிச்சம் வயிற்றுக்குப் போய்விடும். அந்த உப்பு உடம்பில் சேரும், சுவையில் சேராது. பரலை நுண்ணியதாக அரைத்தால் சட்டென்று கரையும். குறைந்த உப்பிலேயே அதே கரிப்பு கிடைக்கும். இது உண்மையிலேயே நல்ல காரியம், எல்லாத் தயாரிப்பாளரும் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

புளிப்பிலும் இதே நேரக் கணக்கு உண்டு. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம் வந்த வேகத்தில் குத்திவிட்டு மறைந்துவிடும். ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலம் மெதுவாக ஏறி நின்று பேசும். இரண்டையும் கலந்தால் புளிப்பு தொடங்குவதும் நீள்வதும் நம் கையில். வினிகருக்கு வேறொரு தந்திரம் வேண்டியிருக்கிறது. வினிகர் திரவம், மொறுமொறுப்பான சிப்ஸில் திரவத்தை ஊற்ற முடியாது. அதனால் சோடியம் டைஅசிட்டேட் என்ற வெண்பொடி. அசிட்டிக் அமிலமும் அதன் சோடிய உப்பும் ஒன்றாகப் படிகமானது அது. உலர்ந்திருக்கும்வரை அமைதியாக இருக்கும். எச்சில் பட்டதும் அமிலத்தை விடுவிக்கும், அந்த இடத்திலேயே வினிகர் பிறக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் 262(ii) என்று இருந்தால் அதுதான் ஆள்.

அதே பட்டியலில் 621 என்று இருந்தால் மோனோசோடியம் குளூட்டமேட். 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, அதன் சுவைக்கு உமாமி (இறைச்சிக் குழம்பில் வருவது போன்ற ருசி) என்று பெயர் வைத்தார். பக்கத்திலேயே 627, 631 அல்லது 635 இருக்கிறதா என்று பாருங்கள். இவை நியூக்ளியோடைடுகள். அளவில் சிட்டிகைதான், ஆனால் குளூட்டமேட்டோடு சேர்ந்தால் உமாமி கூடுவதில்லை, பெருகுகிறது. நாக்கில் சுவையை உணரும் ஒரே வாங்கியில் (receptor) இரண்டும் அடுத்தடுத்த இடத்தில் உட்கார்ந்து, ஒன்று மற்றொன்றை எழுந்து போகாமல் பிடித்துவைக்கிறது.

ஆனால் இதுவரை சொன்ன எதுவும் 'சீஸ்' என்றோ 'புகையில் சுட்டது' என்றோ சொல்லாது. அதைச் சொல்வது மூக்கு. மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு ஒரு வில்லையை மென்று பாருங்கள். உப்பு தெரியும், புளிப்பு தெரியும், லேசாக இனிப்பு தெரியும். எந்தச் சுவை என்று சொல்ல வராது. விரலை எடுத்த அந்தக் கணம், தொண்டையின் பின்வழியாகக் காற்று மூக்குக்கு ஏறும், பாக்கெட்டில் போட்டிருந்த பெயர் வாய்க்குள் வந்து நிற்கும். நான் பலமுறை செய்து பார்த்தும் ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது.

மணத்துக்குத் தேவைப்படும் அளவு நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. குடைமிளகாயின் பச்சை வாசனைக்குக் காரணமான ஐசோபியூட்டைல் மெத்தாக்ஸிபைரசின், ஒரு லட்சம் கோடி பங்கு நீரில் 2 பங்கு இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். புகை வாசனையைத் தூக்கிப் பிடிப்பது குவையக்கால், வெண்ணெய்க்கு டைஅசிட்டைல், பொரித்த சோளப் பொரிக்கு அசிட்டைல் பைரோலின். நம் மூக்கில் இருப்பதோ சுமார் 400 வகை வாங்கிகள். எவை எவை சேர்ந்து தூண்டப்படுகின்றன என்ற கோலத்தைத்தான் மூளை வாசனையாகப் படிக்கிறது.

புதுச் சுவையை உருவாக்கும் வல்லுநருக்கு ஃப்ளேவரிஸ்ட் என்று பெயர். நல்ல சமையல்காரர் செய்த பதார்த்தத்திலிருந்து ஆவியைப் பிடித்து, வாயு நிறப்பிரிகை இயந்திரத்துக்குள் செலுத்துவார். நீண்ட மெல்லிய குழாய்க்குள் ஓடும்போது மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வரும். குழாயின் மறுமுனையில் கண்ணாடிக் கூம்பு. அதில் மூக்கை வைத்து மனிதர் உட்கார்ந்திருப்பார். 'புல்', 'வறுத்த கொட்டை', 'ஈர மண்' என்று வருகிற வரிசையில் நேரத்தோடு குறித்துக்கொள்வார். இயந்திரம் வரைபடத்தில் காட்டும் பெரிய மேட்டில் வாசனையே இருக்காது. காட்டவே காட்டாத இடத்தில் மூக்கைத் துளைக்கும் ஒன்று இருக்கும். அதனால் இந்த வேலையில் மூக்குக்கு மாற்று இல்லை.

அப்புறம், பிடித்த வாசனை பறக்காமல் இருக்க வேண்டுமே? வாசனை எண்ணெயை நீரும் வேல மரப் பிசினோ ஸ்டார்ச்சோ கலந்த கரைசலில் நுண் துளிகளாக அடித்து, 150 டிகிரிக்கு மேல் சூடான காற்றில் பனிபோலத் தெளிப்பார்கள். கொதிக்கும் காற்றில் வாசனை போய்விடாதா என்று கேட்கத் தோன்றும். துளியிலிருந்து நீர் ஆவியாகும்வரை துளி அதிகம் சூடேறாது. வியர்வை உடம்பைக் குளிர்விப்பது போலத்தான். கணப்பொழுதில் துளியின் மேல் ஒரு தோல் படிகிறது. சின்ன நீர் மூலக்கூறு அதைத் தாண்டி வெளியேறும், பெரிய வாசனை மூலக்கூறு உள்ளே மாட்டிக்கொள்ளும். விழுவது உலர்ந்த தூள், அதன் ஒவ்வொரு மணியிலும் பூட்டிய வாசனை. எச்சில்தான் சாவி.

காரம் எல்லாவற்றுக்கும் பின்னால் வரும். அது சுவையே அல்ல, சூட்டு உணர்வு. 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தைச் சொல்லும் டிஆர்பிவி1 என்ற நரம்பு வாங்கியையே மிளகாயின் கேப்சைசினும் தட்டுகிறது. அமெரிக்க உடலியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு இதை 1997-ல் கண்டறிந்தது. 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கேப்சைசின் எண்ணெயில் கரையும், நீரில் கரையாது. ஆகவே தாமதமாக வந்து, தண்ணீர் குடித்தாலும் போகாமல் உட்கார்ந்துவிடும். அமிலமும் அதே வாங்கியைச் சீண்டுவதால் எலுமிச்சையும் மிளகாயும் சேர்ந்த சுவைகள் இரட்டிப்பாகச் சுடுகின்றன.

துரித உணவுக் கடைகளின் புது பர்கரும் இதே வழிதான். பன் அதே, நடுவிலுள்ள இறைச்சி அதே, சமையலறை அடுப்பும் அதே; சாஸ் மட்டும் புதிது. உறைந்த உணவில் அவ்வளவு சுலபமில்லை. மைனஸ் 18 டிகிரியில் மாதக்கணக்காகக் கிடக்கும் சாஸில் பனிப் படிகங்கள் வளரும். சாதாரண ஸ்டார்ச் போட்டிருந்தால் உருகும்போது நீரைக் கக்கி, திரிந்த பால் போல ஆகும். அதனால் நீரைக் கைவிடாத மாற்றிய ஸ்டார்ச்சைத் தேர்ந்தெடுத்து, உறையவைத்து உருக்கி, மறுபடி உறையவைத்துச் சோதிக்க வேண்டும். புதிய உறைந்த பீட்சா வரத் தாமதமாவது இதனாலும்தான்.

இவ்வளவு உழைத்துவிட்டு ஏன் சில வாரங்களில் நிறுத்திவிடுகிறார்கள்? வியாபாரக் காரணங்கள் பல இருக்கலாம், அடியில் ஓர் உடலியல் காரணமும் உண்டு. உண்ணும் பழக்கத்தை ஆராயும் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1981-ல் ஆட்களை ஒரே உணவை வேண்டிய மட்டும் சாப்பிட வைத்து, பிறகு பல உணவுகளைச் சுவைத்து மதிப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்ட உணவின் மேல் விருப்பம் சரிந்தது. சாப்பிடாதவற்றின் மேல் அவ்வளவாகக் குறையவில்லை. சலிப்பது வயிறு மட்டுமல்ல, குறிப்பிட்ட அந்தச் சுவையும்தான். பொடியை மாற்றினால், அதே கிழங்கு அதே எண்ணெயாக இருந்தாலும், விருப்பம் மறுபடி தலைதூக்குகிறது. இரண்டு மூன்று சுவைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நான் அதிகமாகத் தின்றுவிடுவதும் இதனால்தான். இப்போதெல்லாம் ஒரு நேரத்தில் ஒரே பாக்கெட்டைத்தான் பிரிக்கிறேன்.

மக்கள் கேட்டு ஒரு சுவை திரும்பி வரும்போது இன்னொரு சிக்கல். இந்த ஆண்டு வெங்காயத்தூளின் நெடி போன ஆண்டு போல இருக்காது, மிளகாயின் நிறமும் மாறியிருக்கும். நினைவில் இருக்கும் சுவையோடு அது பொருந்த வேண்டும். இதற்கு முக்கோணச் சோதனை என்று ஒரு முறை உண்டு. சுவைப்பவர் முன் மூன்று கிண்ணங்கள் வைப்பார்கள். இரண்டில் ஒரே சிப்ஸ், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டினாலும் மூன்று பேரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அந்த அளவைத் தெளிவாகத் தாண்டிப் பலர் கண்டுபிடித்துவிட்டால், பொடி மறுபடி கலவைக் கூடத்துக்குப் போகும்.