முதல் 2,000 கிலோமீட்டர்: ஒரு புது எம்3 எப்படிப் பழகுகிறது

மியூனிக் நகரின் வடக்குப் பகுதியில், ஒலிம்பிக் பூங்காவை ஒட்டி, பி.எம்.டபிள்யூ வெல்ட் என்ற பெரிய கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. 2007-இல் திறந்தார்கள். புதுக் கார் வாங்குபவர்கள் விரும்பினால் இங்கே நேரில் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம். படிக்கட்டில் இறங்கி வரும்போதே, கீழே ஒரு சுழல்மேடையில் அவர்களுடைய கார் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பது தெரியும். சாவி கைக்கு வந்ததும் கட்டடத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து, சரிவுப்பாதை வழியாக வெளியே ஓட்டிவிடலாம். எம்3 என்பது பி.எம்.டபிள்யூவின் வேகக் கார்களைச் செய்யும் 'எம்' பிரிவின் கார். அதன் ஜி80 என்ற தலைமுறைச் செடானை எடுப்பவருக்கு இன்னொரு விசேஷம் உண்டு: அந்தக் கார் உருவான தொழிற்சாலை சாலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

அங்கிருந்து ஏ9 நெடுஞ்சாலை பக்கத்தில்தான். வடக்கே போகப் போக, வேக வரம்பே இல்லாத பகுதிகள் வரும். கையில் இருப்பதோ எம்3 காம்பெட்டிஷன்: 510 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 7,200 சுற்று வரை போகும் என்ஜின். ஆனால் காரோடு வந்த கையேடு, முதல் 2,000 கிலோமீட்டர் வரை 5,500 சுற்றைத் தாண்டாதே, 170 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்காதே, ஒரே வேகத்திலும் ஓட்டாதே என்கிறது.

பலர் இதைப் பழைய காலத்துச் சடங்காக நினைக்கிறார்கள். இப்போதைய இயந்திரங்கள் அவ்வளவு துல்லியமாகக் கடைகின்றன, இனி என்ன பழக்க வேண்டியிருக்கிறது என்று கேட்கிறார்கள். துல்லியம் கூடியிருப்பது உண்மை. ஆனால் ஒரு வேலையை எந்தக் கடைசல் இயந்திரமும் செய்து தர முடியாது. ஒன்றோடொன்று உரச வேண்டிய இரண்டு பரப்புகளைக் கடைசியாகப் பொருத்தமாக்குவது அந்த இரண்டு பரப்புகளேதான். அதற்கு வேண்டிய சுமையும் வெப்பமும் சாலையில்தான் கிடைக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் உற்பத்தியின் கடைசிக் கட்டம் நடப்பது காரின் உரிமையாளர் கையில்.

எம்3-க்குள் இருக்கும் எஸ்58 என்ஜினை எடுத்துக்கொள்வோம். மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. சிலிண்டர்களைத் தாங்கும் உடலான பிளாக் அலுமினியம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் அலுமினியச் சுவரில் நேரடியாக உரசினால் தாங்காது. அதனால் இரும்புக் கம்பியை மின்வில்லில் உருக்கி, சிலிண்டர் சுவரில் மெல்லிய பூச்சாகத் தெளிக்கிறார்கள். பிறகு அதை ஹோனிங் கற்களால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். வெறும் கண்ணுக்கு அது கண்ணாடி போலத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். பள்ளங்கள் தேவை, அவற்றில்தான் எண்ணெய் தங்குகிறது. ஆனால் மேடுகளின் முனைகள் கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிஸ்டன் ரிங்கின் விளிம்பிலும் இதே மாதிரி முனைகள் உண்டு.

இந்த முனைகள் எப்போது மோதுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் என்ற ஜெர்மன் பொறியாளர் 1902-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் உதவுகிறது. எண்ணெய் பூசிய இரண்டு பரப்புகளுக்கு நடுவே உராய்வு, வேகத்தைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று அவர் அளந்தார். வேகம் அதிகமாக இருந்தால் நகரும் பரப்பு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அந்த எண்ணெய்ப் படலமே இரண்டையும் பிரித்துத் தூக்கி வைத்துவிடும். வேகம் குறையக் குறையப் படலம் மெலியும். ஒரு கட்டத்தில் மேட்டு முனைகள் அதைத் துளைத்துக்கொண்டு ஒன்றையொன்று தொடும். வேகம் கிட்டத்தட்ட இல்லையென்றால் உலோகத்தின் மேல் உலோகம்தான்.

பிஸ்டனுக்கு இந்த மூன்று நிலைகளும் ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் வந்து போகின்றன. நடுவழியில் வேகமாகப் போகும்போது படலம் கெட்டியாக இருக்கும். மேலே உச்சிக்கு வந்ததும் பிஸ்டன் ஒரு கணம் நிற்கிறது, பிறகு திரும்புகிறது. அந்தக் கணத்தில் இழுத்துப் போக வேகம் இல்லை. போதாததற்கு எரிதலின் அழுத்தமும் வெப்பமும் அதே இடத்தில்தான் உச்சம். 5,500 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் மேலேயும் கீழேயுமாக நிமிடத்துக்கு 11,000 தடவை நின்று திரும்புகிறது. புது என்ஜினில் முனைகள் உயரமாக இருப்பதால் தொடும் இடங்கள் அதிகம். தொட்ட இடத்தில் ஒரு நொடியின் மிகச் சிறிய பங்குக்குக் கடுமையான சூடு எழும். அளவோடு இருந்தால் முனை மழுங்கும், அல்லது அமுங்கும். அளவு மீறினால் இரண்டு உலோகமும் ஒட்டிக்கொண்டு கிழியும், சுவரில் கீறல் விழும். அது திரும்பச் சரியாகாது.

எண்ணெயும் சும்மா இருப்பதில்லை. என்ஜின் எண்ணெய்களில் 1940களிலிருந்து துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் கொண்ட ஒரு சேர்மத்தைக் கலந்து வருகிறார்கள். சூடும் உரசலும் சேர்ந்து கிடைக்கும் இடங்களில் அது சிதைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒரு காப்புப் படலமாகப் படிகிறது. அதன் தடிமன் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கு அளவுதான். தேயத் தேய மறுபடி படியும். எங்கே உரசல் இருக்கிறதோ அங்கேதான் படியும் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முதல் சில நூறு கிலோமீட்டரில் இந்தப் படலமும் முனைகள் மழுங்குவதும் கூடவே நடக்கின்றன.

இப்போது 5,500 என்ற எண்ணுக்கு வருவோம். பிஸ்டனை நிறுத்தித் திருப்ப வேண்டிய விசை, சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 5,500-இலிருந்து 7,200-க்குப் போனால் சுற்று 1.3 மடங்குதான்; ஆனால் அந்த விசை 1.7 மடங்காகிவிடும். எஸ்58-இல் பிஸ்டன் ஒரு தடவை நகரும் தூரம் 90 மில்லிமீட்டர். 5,500 சுற்றில் அதன் சராசரி வேகம் நொடிக்கு 16.5 மீட்டர், 7,200-இல் 21.6 மீட்டர். பொருந்தி முடியாத பரப்புகளுக்கு அந்தக் கடைசி 1,700 சுற்றுதான் ஆபத்தான பகுதி.

அப்படியென்றால் மிக மிக மென்மையாக ஓட்டினால் நல்லதா? இதில்தான் பலர் தவறுகிறார்கள். பிஸ்டன் ரிங்கைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது அதன் சொந்த வில்விசை மட்டும் அல்ல. எரிந்த வாயு ரிங்குக்கு மேலுள்ள இடுக்கு வழியாக அதன் முதுகுப்புறம் போய், வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. பெரும்பங்கு அழுத்தம் அங்கிருந்துதான் வருகிறது. சுமையே இல்லாமல் உருட்டிக்கொண்டு போனால் இந்த அழுத்தம் போதாது. முனைகள் ஒழுங்காகத் தேயாமல், சுவரில் எண்ணெய் மெல்ல வெந்து பளபளப்பாகப் படிந்துவிடலாம். பிறகு ரிங் சரியாக அடைக்காது, வாயு கீழே கசியும், எண்ணெய் குறைந்துகொண்டே போகும். உயர் கியரில் மிகக் குறைந்த சுற்றில் இழுக்கவிடுவது இன்னும் மோசம்: அழுத்தம் அதிகம், எண்ணெய்ப் படலமோ மெலிது.

புது என்ஜினை முதல் நாளிலேயே விரட்டினால்தான் ரிங் நன்றாக அமரும் என்று வாதிடும் ஒரு கூட்டமும் உண்டு. வாயு அழுத்தம் தேவை என்ற அளவில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது ரிங் ஒன்றை மட்டும் பார்க்கும் வாதம். காரில் ரிங் மட்டுமா இருக்கிறது? நடுத்தரச் சுமை, மாறிக்கொண்டே இருக்கும் சுற்று, நன்றாகச் சூடான எண்ணெய் ஆகிய மூன்றும் சேர்ந்த ஓட்டம்தான் என் பார்வையில் சரி. கையேடு சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான்.

அதனால் மியூனிக்கில் வண்டியை எடுத்தவருக்கு ஏ9-ஐவிடத் தெற்குத் திசைதான் பொருத்தம். கோஹெல் ஏரிக்கும் வால்ஹென் ஏரிக்கும் நடுவே கெஸ்ஸல்பெர்க் மலைப்பாதை இருக்கிறது. அங்கே ஏற்றத்தில் சுமை, வளைவில் சுற்று குறையும், வெளியே வரும்போது மறுபடி ஏறும், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரம் என்ஜினை இழுக்கும். இந்தக் கடைசி விஷயம், என்ஜினின் விசையைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதியான பின் டிஃபரன்ஷியலுக்கு முக்கியம். அதிலுள்ள பற்கள் உருளுவதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவும் செய்யும் வகை. காரிலேயே மிகக் கடுமையான உரசல் நடக்கும் இடங்களில் ஒன்று அது. என்ஜின் சக்கரத்தைத் தள்ளும்போது பல்லின் ஒரு பக்கம் உரசும், சக்கரம் என்ஜினைத் தள்ளும்போது மறுபக்கம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நூறு கிலோமீட்டர் போனால் ஒரு பக்கம் மட்டும், ஒரே சுமையில் தேயும்.

டயருக்கும் பிரேக்குக்கும் தனிக் கணக்கு உண்டு. புது டயரின் மேல்தோல் அச்சிலிருந்து வந்தபடியே வழவழப்பாக இருக்கும். அது தேய்ந்து, ரப்பரின் உண்மையான பரப்பு வெளியே வரும்வரை முழுப் பிடிப்பு கிடைக்காது. முதல் 300 கிலோமீட்டர் நிதானம் வேண்டும் என்கிறது கையேடு. பின்சக்கரத்தில் 285 மில்லிமீட்டர் அகல டயரும் 650 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் உள்ள வண்டியில், முதல் நாள் மழை பெய்தால் இதை மறக்கவே கூடாது.

பிரேக்குக்கு 500 கிலோமீட்டர். பிரேக் பேட், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கைத் தேய்த்து நிறுத்துகிறது என்பது பாதி உண்மைதான். நன்றாகப் பழகிய பிரேக்கில், பேடின் பொருள் மிக மெல்லிய சீரான படலமாக டிஸ்கின் மேல் ஏறியிருக்கும். அதன் பிறகு பேட் உரசுவது பெரும்பாலும் தன் சொந்தப் பொருளோடுதான். இரண்டுக்கும் நடுவே ஒட்டுவதும் பிரிவதுமாக வரும் பிடிப்பே வண்டியை நிறுத்துகிறது. புது இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவித் தடவிச் சூடேற்றிப் பழக்குகிறோமே, அதைப் போல இந்தப் படலமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி ஆறித்தான் சீராகப் படியும். புது பேடில் உள்ள பிசின் முதல் தடவை கடுமையாகச் சூடாகும்போது வாயுவை வெளிவிடும். அது டிஸ்குக்கும் பேடுக்கும் நடுவே புகுந்து பிடிப்பைக் குறைக்கும். இன்னொன்று: கடுமையாகப் பிடித்து வண்டியை முழுக்க நிறுத்திவிட்டு, பெடலை அழுத்தியபடியே நின்றால், சூடான பேட் அந்த இடத்தில் திட்டாகப் பொருளை விட்டுவிடும். பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று மாற்றச் சொல்வார்கள். பல சமயம் அது வளைவே அல்ல, சீரில்லாமல் படிந்த படலம்.

2,000 கிலோமீட்டரில் எம் கார்களுக்கென்று ஒரு சர்வீஸ் இருக்கிறது. சாதாரண பி.எம்.டபிள்யூக்களுக்கு அது இல்லை. என்ஜின் எண்ணெயையும் பின் டிஃபரன்ஷியல் எண்ணெயையும் மாற்றுகிறார்கள். இதுவரை மழுங்கிய முனைகளெல்லாம் எங்கே போயின என்று கேட்டால், அந்த எண்ணெயில்தான் இருக்கின்றன. என்ஜினிலாவது ஃபில்டர் இருக்கிறது, பெரிய துகள்களைப் பிடித்துக்கொள்ளும். டிஃபரன்ஷியலில் உதிர்ந்தது அதே எண்ணெயில் சுற்றிச் சுற்றி வந்து பற்களுக்கு நடுவேயே மறுபடி நுழையும். கையில் பணம் குறைவாக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாத சர்வீஸ் இது. அதன் பிறகும் உடனே எல்லை திறந்துவிடுவதில்லை. 5,000 கிலோமீட்டர் வரை வேகத்தைப் படிப்படியாக ஏற்றச் சொல்கிறார்கள்.

அப்புறம், பழகிய காரோடு தினமும் வாழ்வது. இங்கேயும் விஷயம் எண்ணெய்தான். 20 டிகிரியில் இருக்கும் எண்ணெய், 100 டிகிரியில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டி. கெட்டியான எண்ணெய் குறுகிய வழிகளில் மெதுவாகத்தான் போய்ச் சேரும். குளிர்விக்கும் நீர் சில நிமிடங்களில் சூடாகிவிடும், எண்ணெய் அதற்கு வெகுநேரம் பின்தங்கி வரும். நீரின் வெப்பநிலையைப் பார்த்து என்ஜின் தயார் என்று முடிவு செய்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். எம் பிரிவு இதற்கு அழகான ஒரு தீர்வு வைத்திருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் வந்த இ46 தலைமுறை எம்3-இல், என்ஜின் சுற்றுகளைக் காட்டும் டாக்கோமீட்டரைச் சுற்றிச் சிறு விளக்குகள் இருந்தன. குளிர்ந்த என்ஜினில் 4,000 சுற்றிலிருந்தே எச்சரிக்கை விளக்குகள் எரியும். எண்ணெய் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணைந்து, எல்லை மேலே நகரும். இன்றைய எம்3-இன் திரையிலும் அதே யோசனை தொடர்கிறது.

நிறுத்தி வைத்துச் சூடேற்றலாமா? ஜெர்மனியில் தேவையில்லாமல் என்ஜினை ஓடவிடச் சட்டப்படி தடை உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் அது நல்லதல்ல. குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எண்ணெயை நீர்க்கச் செய்யும். மெதுவாக ஓட்டியபடியே சூடேற்றுவதுதான் வேகமான வழி. தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் போய் வந்தால் இந்தப் பெட்ரோலும், எரிதலில் உண்டான நீராவியும் ஆவியாகி வெளியேற வாய்ப்பே கிடைக்காது. வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி, ஒரு மணி நேரம் முழுச் சூட்டில் ஓட விட வேண்டும்.

குளிர்காலத்தில் கோடைக்கால டயர் வேண்டாம். 7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் விறைத்து, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமராமல் போகும். மாதக் கணக்கில் நிறுத்தி வைப்பதென்றால் டயர் காற்றைக் கொஞ்சம் கூட்டி வைப்பதும், பேட்டரிக்குப் பராமரிப்புச் சார்ஜர் இணைப்பதும் போதும். மறுபடி எடுக்கும்போது டயரில் தட்டையான இடம் விழுந்து அதிர்வு வந்தால் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் சில கிலோமீட்டர் ஓடி ரப்பர் சூடானதும் போய்விடும். பிரேக் டிஸ்கில் படிந்த துருவும் முதல் சில மிதிகளிலேயே தேய்ந்துவிடும்.