தொகுப்பி நீட்சி, செந்தர இணக்க நிரல்: சொல் விளக்கம்

ஒரு நிரல்மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்தில் இல்லாத வசதியை, நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளான கம்பைலர் ஒன்று தானாகச் சேர்த்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் கம்பைலர் எக்ஸ்டென்ஷன். தமிழில் தொகுப்பி நீட்சி எனலாம். அந்த ஆவணம்தான் செந்தரம், அதாவது ஸ்டாண்டர்டு. அது சொல்வதை மட்டுமே நம்பி எழுதிய நிரல், செந்தர இணக்க நிரல்.

சி மொழியை எடுத்துக்கொள்வோம். டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியது. 1989இல் அமெரிக்கச் செந்தர அமைப்பான ஆன்சியின் செந்தரம் வந்தது. அதற்குப் பிறகும் தொகுப்பிகள் தங்கள் பங்குக்குச் சேர்ப்பதை நிறுத்தவில்லை. தமிழ்நாட்டில் டர்போ சி என்ற தொகுப்பியில் நிரல் பழகியவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்த விஷயம். நிரலின் தலையில் கோனியோ என்ற ஹெடர் கோப்பு, திரையைத் துடைக்க ‘கிளர் எஸ்சிஆர்’, கடைசியில் ஒரு விசையை அழுத்தும்வரை காத்திருக்க ‘கெட்ச்’. இவையெல்லாம் சி மொழியின் பகுதி என்றே பலர் நினைப்பதுண்டு. உண்மையில் டாஸ் காலத் தொகுப்பிகள் கொடுத்தவை. அதே நிரலை லினக்ஸில் ஜிசிசி என்ற தொகுப்பியிடம் கொடுத்தால், அப்படியொரு கோப்பே இல்லை என்று சொல்லி நின்றுவிடும்.

சரி, ஏன் நீட்சி? எக்ஸ்டென்ஷனின் லத்தீன் மூலத்துக்கு ‘வெளியே நீட்டுதல்’ என்று பொருள். நீட்டிப்பு என்றால் நமக்குப் பதவி நீட்டிப்பு, கால நீட்டிப்புதான் நினைவுக்கு வரும். விரிவாக்கம் என்றால் சாலை விரிவாக்கம் போல முழுவதுமே அகலமாகிறது என்றாகிவிடும். இங்கே மொழி அப்படியே இருக்கிறது, ஓரிடத்தில் மட்டும் வெளியே நீள்கிறது. உலாவி நீட்சி என்று ஏற்கெனவே எழுதிப் பழகியும் இருக்கிறோம்.

ஸ்டாண்டர்டு என்பதைத் தமிழாக்குவதில்தான் பெரிய சிக்கல். ‘தரம்’ என்று போட்டால், நான்-ஸ்டாண்டர்டு என்பது ‘தரமற்ற’ ஆகிவிடுகிறது. தரமற்ற நிரல் என்றால் மட்டமான நிரல் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். அது பெரிய அநியாயம். லினக்ஸின் மையப் பகுதியான கருனி (கெர்னல்) முழுக்க ஜிசிசி நீட்சிகள் நிறைந்தது; அதை மட்டம் என்று யார் சொல்வார்? அதனால் செந்தரம் என்ற சொல்லையே பிடித்துக்கொள்ள வேண்டும். நான்-ஸ்டாண்டர்டுக்குச் ‘செந்தரத்தில் இல்லாத’ என்று நேராகவே எழுதலாம்.

தொகுப்பி என்ற சொல்லையும் சிலர் குறை சொல்வார்கள்: கம்பைலர் மொழிபெயர்க்கத்தானே செய்கிறது, எதைத் தொகுக்கிறது என்று. கிரேஸ் ஹாப்பர் 1952இல் செய்த ஏ-0, ஏற்கெனவே எழுதிவைத்த துணைநிரல்களை எடுத்துத் தொகுத்துக் கொடுத்தது. கம்பைலர் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். தொகுப்பி அந்தப் பழைய பொருளைச் சரியாகப் பிடிக்கிறது.

நீட்சி விதிமீறலும் அல்ல. சி செந்தரமே அதை அனுமதிக்கிறது. ஆவணத்துக்குக் கண்டிப்பாக இணங்கி எழுதிய எந்த நிரலின் நடத்தையையும் அது மாற்றிவிடக் கூடாது என்பதுதான் நிபந்தனை. செந்தமிழ் நிலத்துக்கு வெளியே வழங்கும் திசைச்சொல்லையும் செய்யுளில் ஏற்றுக்கொண்ட தொல்காப்பியத்தின் போக்கு இதற்கு வெகு அருகில் இருக்கிறது.

தொல்லை எங்கே என்றால், தெரியாமலே நீட்சியைப் பயன்படுத்துவதில். ஒரு மதிப்பைப் பார்த்துக் கிளைபிரியும் சுவிட்ச் கூற்றில் ‘1 முதல் 5 வரை’ என்பதை மூன்று புள்ளி வைத்து ஒரே கேஸில் எழுதினால் ஜிசிசி முணுமுணுக்காமல் ஏற்கும். எந்தச் செந்தரம் என்று நாம் சொல்லாவிட்டால், அது நீட்சிகளோடு கூடிய, ஜிசிசி-யை உருவாக்கிய குனு திட்டத்தின் வகை சி-யைத்தான் எடுத்துக்கொள்கிறது. பெடான்டிக் என்ற தெரிவைச் சேர்த்தால்தான், இது செந்தரத்தில் இல்லை என்று எச்சரிக்கும்.

அப்புறம், எல்லை நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு மாறியின் வகையைக் கேட்டு வாங்கும் ‘டைப்ஆஃப்’ நெடுங்காலம் ஜிசிசி-யின் நீட்சி. செந்தரத்தின் பதிப்புகளில் ஒன்றான சி23 அதைச் செந்தரத்துக்குள் எடுத்துக்கொண்டது. நிரல் ஓடும்போது நீளம் முடிவாகும் அணிகளின் (அர்ரே) கதை வேறு: சி99 அவற்றைக் கட்டாயமாக்கியது, சி11 விருப்பத்துக்கு விட்டுவிட்டது. எனவே வெறுமனே ‘செந்தர இணக்க நிரல்’ என்றால் போதாது. சி99 செந்தர இணக்க நிரல், சி23 செந்தர இணக்க நிரல் என்று பதிப்பையும் சேர்த்தே எழுத வேண்டும்.