சால்வர் சொன்ன கலவையை அப்படியே அரைக்காதீர்கள்

குறைந்த செலவில் சத்தான மாவுக் கலவை வடிவமைக்க எக்செலில் இருக்கும் சால்வரே (நாம் தரும் நிபந்தனைகளுக்குள் சிறந்த விடையைத் தேடித்தரும் கருவி) போதும். 1945-இல் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 77 உணவுகளையும் 9 சத்துகளையும் வைத்துத் தோராயமாகப் போட்ட கணக்குதான் இது. சரியான விடை 1947-இல் இப்படிப்பட்ட கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறை வந்தபிறகே கிடைத்தது. இன்று ஒரு நொடி வேலை. நிபந்தனைகளை எழுதுவதுதான் நம் வேலை, சறுக்குவதும் அங்கேதான்.

வரிசைக்கு ஒரு மூலப்பொருள், பத்திக்கு ஒரு சத்து, எல்லாம் 100 கிராமுக்கு. அளவுகளின் கூட்டுத்தொகை 100. எதுவும் 0-க்குக் கீழே போகக்கூடாது. செலவு குறைய வேண்டும்.

புரதத்துக்கு 'இத்தனை கிராம்' என்று மட்டும் கேட்டால், மலிவாக இருக்கும் கோதுமையை அள்ளிப் போட்டுச் சால்வர் கணக்கை முடித்துவிடும். கிராம் சரியாக வரும், ஆனால் உணவிலிருந்தே கிடைக்க வேண்டிய அமினோ அமிலமான லைசின் பற்றாது. 3 வயதுக்கு மேல், ஒரு கிராம் புரதத்தில் 48 மி.கி. லைசின் இருக்க வேண்டும். இதை 'லைசின் ÷ புரதம்' என்று எழுதினால் நேரியல் தன்மை (அளவுகளை எண்களால் பெருக்கிக் கூட்டுவது மட்டும்) கெட்டு, சால்வரின் 'சிம்ப்ளெக்ஸ் எல்பி' முறை பிழை காட்டி நின்றுவிடும். பெருக்கலாக மாற்றுங்கள்: லைசின் − 48 × புரதம் ≥ 0.

100 கிராம் கோதுமை மாவில் புரதம் 12 கிராம், லைசின் 324 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 324 − 576 = −252. பயறில் 24 கிராம், 1680 மி.கி. என்றால் 1680 − 1152 = +528. இரண்டும் ஈடாக, 100 கிராம் கலவையில் பயறு 32.3 கிராம் வேண்டும். தானியம், பயறுகளில் இருந்து இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டேட்டுக்கும் அப்படித்தான்: இரும்போடு மோலார் விகிதம் (மூலக்கூறு எண்ணிக்கை விகிதம்) 1-ஐத் தாண்டாமலிருக்க, பைட்டேட் மி.கி. ≤ 11.8 × இரும்பு மி.கி.

சத்து அட்டவணையில் வெற்றுக் கட்டம் என்றால் பெரும்பாலும் 'அளக்கவில்லை' என்று பொருள். எக்செலுக்கு அது 0. குறைந்தபட்ச நிபந்தனையில் இதனால் ஒரு நல்ல பொருள் ஒதுக்கப்படும், அவ்வளவுதான். உச்சவரம்பில்தான் ஆபத்து: பைட்டேட் அளக்கப்படாத பொருளைப் பைட்டேட்டே இல்லாததாக எண்ணி, அதையே அதிகம் சேர்க்கும். வேகவைத்த பயறின் சத்து அளவை உலர் பயறுக்குப் போடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு.

விடை எப்போதும் நிபந்தனையின் விளிம்பில்தான் உட்காரும். எடைபோட வசதியாக 32.3-ஐ 32 ஆக்கினாலே லைசின் தவறும், 33 ஆக்குங்கள். வறுக்கும்போது லைசினில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் 48-க்குப் பதில் 52 என்று கேட்பது என் பழக்கம். ஏதாவது ஒரு பொருள் 0.4 கிராம் என்று வந்தால் அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். செலவு பெரும்பாலும் சில காசுகள்தான் கூடும்.