அகாடியர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஐயா

அருங்காட்சியகத் திட்ட வரைவுகளைச் சரிபார்ப்பது என் தொழில். அகாடியப் பண்பாடு பற்றி இன்னொன்று மேசைக்கு வந்திருக்கிறது. (அகாடியர்கள் என்றால், 1604 முதல் இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள்.) முதல் பலகை 1604, கடைசிப் பலகை 1755. அதைத் தாண்டினால் பரிசுப்பொருள் கடை!

1755இல் பிரிட்டிஷார் அகாடியர்களைக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து கப்பலேற்றி விரட்டத் தொடங்கினார்கள். 1763 வரை விடவில்லை. சரி. அதோடு அந்த இனமே முடிந்தது என்று யார் சொன்னது? பலர் திரும்பி வந்தார்கள். பழைய வயல்களில் வேறு ஆட்கள் குடியேறியிருந்ததால் வேறு கரைகளில் ஊர் கட்டினார்கள். 1881இல் பக்கத்து நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து மெம்ரம்குக்கில் மாநாடு கூட்டி, ஆகஸ்ட் 15ஐத் தங்கள் தேசிய நாளாக்கினார்கள். 1884இல் கொடியும் வந்துவிட்டது. இன்று அதே மாகாணத்து மாங்டன் நகரில் பிள்ளைகள் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து ஷியாக் பேசுகிறார்கள். அமெரிக்காவின் மெயின் மாநிலத்து மடவாஸ்காவில் பக்வீட் மாவில் ப்ளாய் என்னும் மெல்லிய அப்பம் சுடுகிறார்கள். 'வாழ்ந்தார்கள், உண்டார்கள்' என்று பலகை எழுதினால் அவர்கள் எப்படிப் பொறுப்பார்கள்?

இந்த மயக்கத்தில் எவாஞ்சலினுக்கும் பங்குண்டு. அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ 1847இல் அகாடியரின் வெளியேற்றத்தை வைத்து வெளியிட்ட கவிதையின் நாயகி அவள், கற்பனைப் பாத்திரம். நோவா ஸ்கோஷியாவின் பழைய அகாடிய ஊரான கிராண்ட்-ப்ரேயில் 1920 முதல் அவளுக்குச் சிலை இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் அவள் கற்பனை என்பதைச் சிலைக்குப் பக்கத்திலேயே, கண்ணில் படும் அளவில் எழுதுங்கள்.

அதே கிராண்ட்-ப்ரேயை யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அகாடியர் போட்ட கடற்கரை அணைகளும் வயல் நீரை வெளியே விட்டுக் கடல்நீரைத் தடுக்கும் அப்வாத்தோ மதகுகளும் முக்கியக் காரணம். அங்கே இன்றும் வெள்ளாமை நடக்கிறது. நடப்பதால்தான் கரையைப் பழுதுபார்க்க ஆள் இருக்கிறது. (வேலி போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கும் கட்டடக்கலைஞர்கள் கவனிக்கவும்.)

நியூ பிரன்ஸ்விக்கின் காராகெட் அருகே 1977இல் திறந்த அகாடிய வரலாற்றுக் கிராமத்தைப் போய்ப் பாருங்கள். அது 1770இல் தொடங்கி 1949 வரை வருகிறது. நீங்கள் கதவைச் சாத்தும் இடத்துக்குப் பிறகுதான் அதன் கதையே ஆரம்பம்.

அங்கே முன்பே வாழ்ந்த பூர்வகுடிகளான மிக்மாக் மக்களை ஓரத்துப் பெட்டிக்குள் தள்ளாதீர்கள். அது அவர்கள் மண். ஒலிப்பதிவில் பாட்டி பேசுவதைப் 'பாரிஸ் பிரெஞ்சாக'த் திருத்தாதீர்கள். குடும்பப் படங்களின் பின்னால் பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மென்மையான பென்சில் போதும். லேமினேட் செய்யவே கூடாது.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: கட்டடத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்துவிடுங்கள். கட்டடம் அடுத்த ஆண்டுகூட எழும்பலாம்.