ஒரு தலை, இரண்டு உடம்பு: வியப்பு எப்படி வேலை செய்கிறது?

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலுக்குப் போனால் ரிஷபகுஞ்சரத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் காளை, மறுபக்கம் யானை, இரண்டுக்கும் தலை ஒன்றுதான். யானையின் உடம்பைக் கையால் மறைத்தால் காளை. காளையின் உடம்பை மறைத்தால் அதே தலை யானையாகிவிடும். கையை எடுத்துவிட்டு, அந்தத் தலையைக் காளையாகவும் யானையாகவும் ஒரே நொடியில் பார்க்க முயலுங்கள். மாறி மாறித்தான் தெரியும்.

கல் அசையவில்லை, மாறுவது மூளையின் முடிவு. கண் அனுப்புவதை மூளை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. இன்னதாக இருக்கும் என்று ஊகித்து, வந்த தகவலை அதோடு ஒட்டிப் பார்க்கும். இங்கே இரண்டு ஊகமும் பொருந்துவதால் எதிலும் நிலைக்க முடியாமல் தவிக்கிறது. உளவியல் நூல்கள் இதற்குக் காட்டுவது 1892-இல் ஒரு ஜெர்மன் பத்திரிகையில் வந்த வாத்து-முயல் படத்தை. 12-ஆம் நூற்றாண்டுச் சோழநாட்டுச் சிற்பிக்கு அந்த நூல்களில் இடம் கிடைக்கவில்லை, என்ன செய்ய!

ஊகம் பொய்க்கும்போது கண்ணின் பாவை விரிகிறது, கால் நிற்கிறது, கவனம் அங்கேயே குவிகிறது. பிடித்ததா இல்லையா என்று முடிவெடுக்கும் முன்பே இது நடந்துவிடும். அதனால்தான் 1649-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் வியப்பை உணர்ச்சிகளில் முதலாவதாக வைத்தார். வியப்பு எதனால் பிறக்கிறது? 2003-இல் கெல்ட்னர், ஹைட் என்ற இரு உளவியலாளர்கள் சொன்னது: பிரம்மாண்டம், அதை உள்வாங்க மனம் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டிய நெருக்கடி. தொல்காப்பியம் மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, நான்கு காரணம் சொல்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் (ஒன்று இன்னொன்றாக மாறுவது). என் ஓட்டு தொல்காப்பியருக்கு. தாராசுரத்தில் ஒரு சாண்கூட இல்லாத சிற்பங்களைக் குனிந்து பார்த்தவர்கள் சிறுமையைப் பட்டியலில் இருந்து நீக்கமாட்டார்கள்.

புதுமைக்கு மட்டும் ஆயுள் குறைவு. திரும்பத் திரும்ப வரும் தகவலுக்கு மூளை பழகிவிடும். ரசனைக்கு வேறு தீனி வேண்டும், அது பெரும்பாலும் அறிவிலிருந்துதான் வருகிறது. விளக்கம் தெரிந்தால் வியப்பு செத்துவிடும் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை, சாவது கட்டுக்கதைதான்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் பிராகாரத்தில் நின்றால் நிழல் நீளமாகக் கிடப்பதைப் பார்க்கலாம். ஆனால் கதை வெறுங்காற்றில் முளைக்கவில்லை. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10.8 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். மேலே போகப் போகக் குறுகும் விமானத்தின் நிழல் அப்போது அதன் உடம்பின் மேலேயே விழுந்துவிடும்.

1010-இல் முடிந்த அந்த விமானத்தின் உயரம் சுமார் 66 மீட்டர். உள்ளே முழுக்கக் கல் நிரப்பியிருக்கும் என்று நினைப்போம், ஆனால் உள்ளே வெற்றுக்கூடுதான். ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே தள்ளி வைத்து நான்கு சுவரையும் நெருங்கவிட்டிருக்கிறார்கள். மேலிருந்து அழுத்தும் பாரம்தான் நீட்டிய கல்லைச் சரியாமல் பிடிக்கிறது. இது தெரிந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: அக்கம்பக்கத்தில் கருங்கல் பாறையே இல்லாத ஊருக்கு இத்தனை கல் எந்த வழியாக வந்தது?