மினி டிராக்டர் எவ்வளவு ஆழத் தண்ணீரில் இறங்கலாம்?

மலேசியாவின் பினாங்கில் நிபோங் திபால், தாசேக் குளுகோர் பக்கம் மினி டிராக்டர் வைத்திருப்பவர்களிடம் வெள்ளத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், யாராவது ஒருவர் கட்டாயம் இதைச் சொல்வார்: "டீசல் இஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது, தண்ணி என்ன பண்ணும்?" பாதி சரி. பெட்ரோல் வண்டியில் தீப்பொறி கொடுக்கும் பாகங்கள் நனைந்தால் இஞ்சின் அணைந்துவிடும். டீசலில் அதற்கு வேலையே இல்லை. பிஸ்டன் காற்றை இறுக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். ஆனால் அந்த இறுக்கம்தான் தண்ணீர் விஷயத்தில் டீசலின் காலை வாரிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் சின்ன டிராக்டருக்கு மூன்று சிலிண்டரும் 1.1 லிட்டர் இஞ்சினும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டருக்குச் சுமார் 370 மில்லி லிட்டர். பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும்போது உள்ளே இருந்த காற்று 20இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அப்போது மிஞ்சும் இடம் வெறும் 20 மில்லி, அதாவது நான்கு தேக்கரண்டி. காற்றை இறுக்கலாம், தண்ணீரை இறுக்க முடியாது. நான்கு தேக்கரண்டிக்கு மேல் தண்ணீர் புகுந்துவிட்டால் பிஸ்டன் மேலே போக வழியில்லை. நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும் இஞ்சின் அதற்காகச் சட்டென்று நிற்குமா? மற்ற சிலிண்டர்களும் பிளைவீலும் தள்ளுகிற வேகத்தில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் உடைந்து இஞ்சின் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அதே அளவுள்ள பெட்ரோல் சிலிண்டரில் காற்று 10இல் ஒரு பங்காகத்தான் சுருங்கும், ஆகவே 40 மில்லி வரை இடம் இருக்கும். தண்ணீர் உள்ளே போனால் முதலில் சாவது டீசல்தான்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் கொட்டிய பேய்மழைக்கு அப்புறம் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு பட்டறையில் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. வண்டியைக் கொண்டுவந்த பையன் சாவியைத் திருகப் போனான். "தம்பி, கைய எடு. அதுல சாவி போடாத," என்றார் மெக்கானிக். சிலிண்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் மூன்றையும் கழற்றி வைத்துவிட்டு, இஞ்சினைக் கையாலேயே ஸ்பானர் போட்டு மெதுவாகச் சுற்றினார். நடு சிலிண்டரின் துளையிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து அவர் சட்டையை நனைத்தது. "பாத்தியா? இத வச்சிக்கிட்டா ஸ்டார்ட் பண்ணப் போன?" தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதைவிட மோசமான யோசனை கிடையாது.

சரி, தண்ணீர் அவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போகிறது? ஏர் ஃபில்டர் பானட்டுக்குள் மேலேதானே இருக்கிறது என்று கேட்கலாம். தண்ணீரை மேலே ஏற்றிவிடுவது ரேடியேட்டர் ஃபேன். அதன் கீழ் இலை தண்ணீரைத் தொட்ட நொடியில் பானட்டுக்குள் நாலா பக்கமும் வாரி இறைக்கும். ஃபில்டரின் காகிதம் நனைந்தால் இஞ்சினுக்கு மூச்சு முட்டும். கரும்புகை வரும், இழுவை குறையும். சில ஃபேன்களில் இலை தண்ணீரின் எதிர்ப்பில் வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும். ஆகவே ஏர் ஃபில்டரின் உயரத்தைப் பார்த்து ஆழத்தை முடிவு செய்வது வீண். ஃபேனின் கீழ் விளிம்பைப் பாருங்கள். அதற்கும் கீழே இன்னொரு எல்லை இருக்கிறது: பின் அச்சு. தண்ணீர் அச்சின் நடுவுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம்.

ஆனால் அச்சு வரைக்கும் என்றால் எங்கிருந்து அளப்பது? நாம் தண்ணீரைச் சேற்றின் மேலிருந்து அளக்கிறோம், டயரோ சேற்றுக்குள் இறங்கி நிற்கிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள பின்சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து அரை மீட்டர். சக்கரம் 15 செண்டிமீட்டர் புதைந்தால் 35 செண்டிமீட்டர் தண்ணீரே அச்சைத் தொட்டுவிடும். நெல் வயலில் இது பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஏனென்றால் உழுது குழைத்த சேற்றுக்கு அடியில் இறுகிய ஒரு படுகை இருக்கும்; சக்கரம் அதில்தான் ஊன்றி ஓடுகிறது. லோங்கான் என்கிற சாலையோரச் சாக்கடையிலும் தோட்டத்து வாய்க்காலிலும் அப்படி ஒரு படுகை இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒரு நீளக் கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டு இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அச்சுக்கு என்ன ஆபத்து? அதற்குள் இருப்பவை கியரும் எண்ணெயும்தானே, மின்சாரம் இல்லையே. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காலையிலிருந்து ஓடிய கியர் பெட்டிக்குள் எண்ணெயும் காற்றும் 80 டிகிரி சூட்டில் இருக்கின்றன என்று கொள்வோம். அதை 30 டிகிரித் தண்ணீருக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுமார் 14 விழுக்காடு சுருங்கும். பெட்டியில் 10 லிட்டர் காற்று இருந்தால், 1.4 லிட்டர் அளவுக்கு வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சத் தேடும். அதற்காகவே மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூடி வைத்திருக்கிறார்கள், காற்று அது வழியே உள்ளே போகும். அந்த மூடி தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் போகும். சேறு காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்: உறிஞ்சல் முழுவதும் அச்சின் ஆயில் சீல் பக்கம் திரும்பும். உள்ளே இருக்கும் எண்ணெயைத் தடுக்கத்தான் சீல் முதலில் செய்யப்பட்டது. வெளியிலிருந்து இழுக்கப்படும் தண்ணீரிடம், அதுவும் தேய்ந்த பழைய சீலாக இருந்தால், தோற்றுப்போகும். சூடான வண்டியைத் தண்ணீர் நடுவில் நிறுத்திவிட்டு வெற்றிலை மடிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. இறங்குவதற்கு முன்னால் கரையில் நன்றாக ஆறவிடலாம். அடிக்கடி தண்ணீரில் வேலை என்றால் பிரீதரில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி மேலே தூக்கிக் கட்டிவிடலாம். மலிவான வேலை.

கிளட்ச் பெட்டியின் அடியில் பல வண்டிகளில் ஒரு துளை உண்டு. கசியும் எண்ணெய் வடிந்துபோவதற்காக அது எப்போதும் திறந்திருக்கும். வயலில் இறங்கும்போது அதை ஒரு திருகு பிளக்கால் அடைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அடைக்க மறந்தால் கிளட்ச் தட்டு நனையும், கழற்ற மறந்தால் கசிந்த எண்ணெய் உள்ளேயே தேங்கும்.

ஓடும் தண்ணீர் வேறு கதை. விநாடிக்கு ஒரு மீட்டர், அதாவது நாம் நடக்கிற வேகத்தில் ஓடும் நீர், ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 50 கிலோ விசையோடு தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு: 200 கிலோ. அதே நேரம் டயர்கள் மிதக்கப் பார்க்கும். மூழ்கிய ஒவ்வொரு லிட்டர் இடத்துக்கும் ஒரு கிலோ பிடிப்பு போய்விடும். எடைக்காக டயருக்குள் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம்: தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. டயர் மிதக்காமல் இருக்கும், அவ்வளவுதான். ஓடும் வெள்ளத்தில் மினி டிராக்டரை இறக்கவே கூடாது என்பது என் கருத்து. அடியில் சாலை எங்கே முடிகிறது, லோங்கான் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத இடத்திலும் அப்படியே.

இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தாழ்ந்த கியர், ஒரே சீரான மெதுவான வேகம், நடுவில் கியர் மாற்றாமல். சிக்கிக்கொண்டால் முன்னோக்கி முறுக்காதீர்கள். பின்சக்கரம் சேற்றில் பிடித்துக்கொண்டு சுற்ற மறுத்தால், இஞ்சினின் முறுக்கு சக்கரத்தை விட்டுவிட்டு அச்சைச் சுற்றி வண்டியின் மூக்கைத் தூக்கும். மல்லாந்து கவிழ்வதைத் தடுக்க முடியாத நிலைக்கு வர ஒரு விநாடிகூட ஆகாது, கிளட்சை மிதிக்க நேரம் கிடைக்காது. சக்கரத்தோடு மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி ஏறப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம். பின்னோக்கி எடுத்தால் அதே முறுக்கு மூக்கைக் கீழே அழுத்தும். வந்த தடமும் ஏற்கனவே தெரிந்த தடம். அதிலும் வரவில்லை என்றால் இஞ்சினை அணைத்துவிட்டு இன்னொரு வண்டியால் இழுங்கள். கயிறு அச்சுக்குக் கீழே உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். செம்பனை மட்டை தட்டுகிறது என்று பின்னால் இருக்கும் கவிழ்வுப் பாதுகாப்புக் கம்பியை மடக்கி வைத்திருப்பவர்கள், தண்ணீர் பக்கம் போகும் முன் அதை நிமிர்த்தி பெல்ட் போட்டுக்கொள்ளட்டும். கவிழ்ந்த வண்டிக்கு அடியில் மாட்டியவரை முழங்கால் தண்ணீரே மூழ்கடித்துவிடும்.

கரையேறியதும் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெய் நன்றாக ஆற்றிய தே தாரிக் (பால் டீ) மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை ஓட்டாமல் எண்ணெய் முழுவதையும் மாற்ற வேண்டும். தெளிவாக இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். இரவெல்லாம் நின்றால் கலக்காத தண்ணீர் அடியில் இறங்கிவிடும், ஆகவே மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் கியர் பெட்டியின் அடி பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீரா எண்ணெயா என்று தெரிந்துவிடும். கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸும் தண்ணீரும் பிதுங்கி வெளியேறும்வரை புது கிரீஸை ஏற்றுங்கள். பெனாகா பக்கம் கடலோர வயல்களில் ஓட்டியவர்கள் இதோடு நிற்க முடியாது. கடல் ஏற்றத்தின்போது அங்கே புகுவது உப்புத் தண்ணீர், அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் ஸ்டார்ட்டரும் ஒயர் முனைகளும் பச்சை பூத்துவிடும்.